இடது பக்கத்து சீட்

திருத்தணி,
18-8-2024, ஞாயிறு இரவு

அன்புள்ள அண்ணிக்கு,

சுதா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி மட்டும் அப்படியே இருக்கிறது. அங்கே நீங்களும் உங்கள் அப்பாவும் தம்பியும் நலமா? நீங்கள் போய் நாற்பத்தொரு நாள் ஆகிறது. ஒரு போன்கூடப் போடவில்லையே என்று உங்கள் மேல் கோபமாக இருந்தேன். அப்புறம்தான் பார்த்தேன், அண்ணன் என் போனில் உங்கள் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறான். தினமும் போனை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுக்கிறான். அதனால்தான் எல்லோரும் தூங்கிய பிறகு அடுப்படியில் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறேன். இதைக் கொண்டுவரும் பிரியங்கா என் வகுப்புதான். உங்கள் அம்மையார்குப்பத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறாள். பதிலை அவளிடமே கொடுங்கள். கெமிஸ்ட்ரி ரெக்கார்டுக்குள் வைத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

நீங்கள் போனதிலிருந்து காரில் உங்கள் சீட்டில் நான்தான் உட்காருகிறேன்.

கே.ஜி.கண்டிகையில் அண்ணனுடைய பட்டறைக்கு ஒரு கார் வந்திருக்கிறது. நகரியில் எண்ணெய் மில் வைத்திருக்கும் கஜபதி என்பவருடையது. கருநீலம், டர்போ, இரண்டே சீட். கிளட்ச் பெடல் கிடையாது. கியர் பெட்டிக்குள்ளேயே இரண்டு கிளட்ச், ஒன்று விடும்போதே மற்றது பிடித்துக்கொள்கிறது. உங்களுக்குத் தெரியாததா. அந்தப் பெட்டி அறுநூறு டார்க் வரை, அதாவது அவ்வளவு முறுக்கு விசை வரை தாங்கும் என்று கம்பெனிக் காகிதத்தில் இருக்கிறது. அண்ணன் பலம் கூட்ட இன்னும் பெரிய டர்போ மாட்டி, லேப்டாப்பில் என்னென்னவோ மாற்றி, எழுநூற்று நாற்பதுக்குக் கொண்டுபோய்விட்டான்.

இன்று விடியற்காலை அந்த இன்னும் திறக்காத நாலுவழிச் சாலைக்குப் போனோம். அண்ணன் ஓட்டினான். நான் மடியில் லேப்டாப் வைத்துக்கொண்டு திரையில் ஓடும் ஸ்லிப் எண்ணைச் சத்தமாக வாசித்தேன். அவனிடம் இருப்பது திருட்டு மென்பொருள், எதையும் சேமித்து வைக்காது. நான் வாசிப்பதும் நோட்டில் எழுதுவதும்தான் கணக்கு. மூன்றாவது கியரில் முழுக்க அழுத்தினான். முப்பது, நாற்பது என்று வந்துகொண்டிருந்தது திடீரென்று தொண்ணூறு ஆயிற்று. சாலை ஓரத்தில் வேர்க்கடலை காயப்போட்டிருந்தார்கள். ஒரு அம்மா துடைப்பத்தோடு நிமிர்ந்தார்கள். அவர்கள் முகத்தை நான் பார்ப்பதற்குள் பின்னால் போய்விட்டார்கள்.

"இன்னாடி, லேப்டாப்ப வுட்டுட்டு டோரப் புடிச்சிகினு கீற?" என்றான்.

"பயமா கீதுண்ணா."

"பயந்துகினு படிச்சா நம்பரு தப்பா வரும். நீயும் உங்க அண்ணி மாதிரி பாதி வழில இறங்கி ஓடிடாத."

அடுத்த ஞாயிறும் போக வேண்டுமாம். அண்ணி, நீங்கள் கியர் பெட்டி சோதனைக் கூடத்தில் நாலு வருஷம் வேலை பார்த்தவர்கள். எனக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள். அது எவ்வளவு தாங்கும்?

பதில் எழுதுங்கள். கோபம் இருந்தால் என் அண்ணன் மேல் வைத்துக்கொள்ளுங்கள், என் மேல் வேண்டாம்.

உங்கள்,
சுதா


அம்மையார்குப்பம்,
20-8-2024

அன்புச் சுதாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நான் நலம். வீட்டில் நாலு பவர்லூம் ஓடுகிறது, அந்தச் சத்தத்தில் யாரும் என்னை எதுவும் கேட்பதில்லை, அதுவே நிம்மதி. உன் மேல் எனக்கு என்ன கோபம்? உன்னிடம் சொல்லாமல் வந்தேனே என்று எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஓடிவந்தாள் என்றா சொல்கிறான்? அன்றைக்கு நான் எண்ணைப் படித்துவிட்டு "நிறுத்துங்க" என்றேன். அவன் நிறுத்தவில்லை. இரண்டாம் தடவை சொன்னேன். மூன்றாம் தடவை கத்தினேன். கடைசியில் பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் இறங்கி நடந்தேன். வீட்டுக்கு வந்து பையை எடுத்தால் உன்னைப் பார்க்க வேண்டியிருக்கும், அப்புறம் கிளம்ப முடியாது என்று நேராக பஸ் ஏறிவிட்டேன்.

எவ்வளவு தாங்கும் என்று கேட்கிறாய். கம்பெனி அறுநூறு என்று எழுதினால் அறுநூற்று ஒன்றில் உடைந்துவிடாது. கொஞ்சம் இடம் விட்டுத்தான் எழுதுவார்கள். அந்த இடம் எவ்வளவு என்பதை வெளியே சொல்ல மாட்டார்கள். ஒரே நாளில் செய்த இரண்டு பெட்டிகளில் ஒன்று எழுநூறில் போகும், மற்றொன்று எண்ணூறு வரை வரும். எங்கள் கூடத்தில் உடையும் வரை ஓட்டித்தான் பார்ப்போம். நாங்கள் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்போம். அதுதான் வித்தியாசம்.

ஸ்லிப் என்பது கிளட்ச் பிடி தளர்ந்து நழுவுவது. முப்பது, நாற்பது சாதாரணம். தொண்ணூறு என்றால் கிளட்ச்சால் முடியவில்லை என்று அர்த்தம். எண் இருநூறைத் தாண்டினால் தட்டு கருகிவிடும் என்று உன் அண்ணனுக்கே பயம், உடனே காலை எடுப்பான். அதனால் நான் சொல்வதைக் கேள். வருகிற ஞாயிறு திரையில் என்ன வந்தாலும் சரி, நீ இருநூறுக்கு மேல் படி. லேப்டாப் எதையும் சேமிக்காதென்றால் அவனுக்கு எப்படித் தெரியும்? இரண்டு தடவை அப்படி வந்தால் இந்தப் பெட்டிக்கு இது ஆகாது என்று கஜபதியிடம் காரைத் திருப்பிக் கொடுத்துவிடுவான்.

பொய்தான். பரவாயில்லை. சீட் பெல்ட்டை இழுத்து இறுக்கிப் போடு. சாப்பிடாமல் போகாதே, தலை சுற்றும்.

உன் அண்ணி,
வள்ளிநாயகி


திருத்தணி,
25-8-2024, ஞாயிறு இரவு

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து எனக்குத் தைரியமாக இருந்தது. இன்று காலை நீங்கள் சொன்னபடியே செய்தேன். திரையில் நாற்பதுதான் இருந்தது, தொண்ணூறுக்கு ஏறும் வரை நான் காத்திருக்கவில்லை. "இருநூத்தி நாப்பது" என்று கத்தினேன். அண்ணன் சட்டென்று காலை எடுத்தான். கார் மெதுவாக ஆனதும் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். திரும்பவும் ஒரு தடவை ஓட்டினான். திரும்பவும் இருநூற்று நாற்பது என்றேன். நோட்டிலும் அப்படியே எழுதினேன். வீட்டுக்குப் போய் உங்களுக்கு எழுத வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

பட்டறையில் கஜபதி காத்திருந்தார். வெள்ளைச் சட்டை, கையில் இட்லிப் பொட்டலம், எப்போதும்போல.

"ஏம்ப்பா ஹேமநாதா, இன்னா சொல்லுது என் பொண்டாட்டி?" என்று அண்ணனைக் கேட்டார். காரைத்தான் அப்படிச் சொல்வார்.

"நழுவுதுண்ணே. மூணுலயே எறநூத்தி நாப்பது."

"ஐயையோ. அப்ப ஆகாதா? ஃப்ரெண்ட்ஸுகிட்டலாம் சொல்லிட்டேனே நைனா."

"யார் சொன்னா ஆகாதுன்னு? பிடி பத்தல, அவ்ளோதான். இறுக்கினா நழுவாது."

லேப்டாப்பைச் செருகினான். கிளட்ச்சை அமுக்கும் எண்ணெய் அழுத்தம் இருக்கிறதே, அதை இரண்டு பார் ஏற்றினான், அண்ணி. ஐந்து நிமிஷ வேலை. கஜபதி இட்லி சாப்பிட்டுக்கொண்டே பார்த்தார். எனக்கும் ஒன்று கொடுத்தார். "இன்னாம்மா டாக்டரு, உம் முகமே சரியில்ல" என்றார். நோட்டும் கையுமாக இருப்பதால் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். இட்லியைப் பொட்டலத்திலேயே திருப்பி வைத்தேன்.

அடுத்த ஞாயிறு நான்காவது கியர். இருநூறு கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டும் என்கிறான்.

அழுத்தம் ஏற்றினால் நல்லதா, கெட்டதா? நழுவாது என்றால் நல்லதுதானே? அப்படி நீங்கள் எழுதினால் நான் தூங்கிவிடுவேன்.

உங்கள்,
சுதா


அம்மையார்குப்பம்,
26-8-2024

சுதா,

பிரியங்கா இப்போதுதான் கொடுத்துவிட்டுப் போனாள். நாளைக் காலை பஸ்ஸுக்கு முன் அவளிடம் சேர்க்க வேண்டும், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

தப்பு என்னுடையது. உன்னுடையது இல்லை. முதலில் அதை மனசில் வைத்துக்கொள். பெரிய எண்ணைக் கேட்டால் காலை எடுப்பான் என்பதுவரை யோசித்தேன். அப்புறம் பட்டறைக்குப் போய் என்ன செய்வான் என்று யோசிக்கவில்லை. அவனோடு மூன்று வருஷம் வாழ்ந்துவிட்டு அதை நான் யோசிக்காமல் விட்டிருக்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில்: கெட்டது. கிளட்ச் நழுவும் வரைக்கும் கூடுதலாக வரும் பலம் அங்கேயே வெந்து போய்விடும். தட்டு கருகும், நாற்றம் வரும், கார் இழுக்காது. அதைத் தாண்டி எதுவும் நடக்காது. பிடியை இறுக்கிவிட்டால் அவ்வளவு பலமும் அப்படியே பெட்டிக்குள் சுழலும் தண்டுக்கும் பல்சக்கரத்துக்கும் போகும். அவற்றுக்கு நழுவத் தெரியாது. எங்கள் கூடத்தில் புதிதாக வருபவர்கள் ஸ்லிப் எண் பூஜ்யத்துக்கு வந்ததும் கை தட்டுவார்கள். பழையவர்கள் கண்ணாடியை விட்டுத் தள்ளி நிற்பார்கள். உடைவதற்கு முன் சத்தம் ஏதாவது வரும் என்று எதிர்பார்க்காதே. ஒன்றும் வராது. தண்டு போனால் பெட்டிக்குள் எல்லாம் இறுகி, பின் சக்கரம் அந்த வேகத்திலேயே நின்றுவிடும்.

உண்மையைச் சொல்லிவிடு. திரையில் நாற்பதுதான் இருந்தது, பயத்தில் மாற்றிச் சொன்னேன் என்று சொல். நான் சொல்லிக் கொடுத்தேன் என்றும் சொல்லிவிடு, என் மேல் போகட்டும். அழுத்தத்தைப் பழையபடி இறக்கிவிடுவான். திட்டுவான், வாங்கிக்கொள்.

அம்மாவுக்கு முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. பேசும்போது அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசு.

அண்ணி


திருத்தணி,
28-8-2024, புதன் இரவு

அன்புள்ள அண்ணிக்கு,

சொல்லிவிட்டேன். உங்கள் பெயரை மட்டும் சொல்லவில்லை. உங்கள் பெயரைச் சொன்னால் போன் போட்டு உங்களை என்ன சொல்வானோ என்று பயந்து, நானாகத்தான் செய்தேன் என்றேன்.

ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னேன். அம்மா கீரை போட்டுக்கொண்டிருந்தாள். அவன் அடிப்பான் என்று நினைத்து, முதுகைச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தேன். அவன் கையில் சோற்றோடு என்னையே பார்த்தான்.

"நாப்பதா?"

"ஆங்."

"ரெண்டு தபாவும்?"

"ஆங்ணா. மன்னிச்சிரு."

சிரித்துவிட்டான் அண்ணி. அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்தே பல மாசம் ஆகிறது. "அம்மா, கேட்டியா? பழைய பிரஷர்லயே நாப்பதுதானாம்! முன்ன படிச்ச தொண்ணூறும் இவ பயத்துல படிச்சதுதான். பெட்டி தாங்குது. நான்தான் சும்மா பயந்துகினு இருந்திருக்கேன்" என்றான். கையைக் கழுவிக்கொண்டு உடனே கஜபதிக்குப் போன் போட்டான். ஏற்றிய அழுத்தத்தை இறக்கவில்லை. அது இருக்கட்டுமாம், காப்புக்கு. இன்று பட்டறையில் டர்போவை இன்னும் ஏற்றிவிட்டான். இப்போது எண்ணூற்று இருபது.

பொய் சொன்னேன், அழுத்தத்தை ஏற்றினான். உண்மை சொன்னேன், பலத்தை ஏற்றினான். இனி எதைச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வரமாட்டேன் என்று இன்று காலை சொல்லிப் பார்த்தேன். அம்மா, "அண்ணன் கூடத்தானே போற, ஊரான் கூடவா போற?" என்றாள். அவன் சத்தம் போடவில்லை. என் பள்ளிக்கூடப் பையை எடுத்து பரண் மேல் வைத்தான். "நோட்டு எழுத வராத கைக்கு இது எதுக்கு? ஞாயித்துக்கிழம வந்து எழுது, திங்கக்கெழம எறக்கித் தரேன்" என்றான். நாளைக்குப் பையில்லாமல்தான் போகப் போகிறேன். இந்தக் கடிதத்தைப் பாவாடை இடுப்பில் செருகி எடுத்துப் போவேன்.

அண்ணி, தண்டு போனால் வலிக்குமா? காருக்குள் இருப்பவர்களைக் கேட்கிறேன்.

உங்கள்,
சுதா


அம்மையார்குப்பம்,
29-8-2024

என் கண்ணு சுதாவுக்கு,

நீ அந்தக் காரில் ஏறப்போவதில்லை. ஞாயிறு விடியற்காலை நான் வருகிறேன். அப்பா டிவிஎஸ்ஸில் கொண்டுவந்து விடுவார். சனிக்கிழமை ராத்திரியே தலைவலி, காய்ச்சல் என்று படுத்துக்கொள். நான் உள்ளே வந்து பேசும்போது எழுந்து வராதே. என்னைப் பார்த்து அழாதே. இதற்கு முன் நமக்குள் ஒரு பேச்சும் இல்லை, நானாக மனசு மாறி வந்தேன், அவ்வளவுதான்.

நோட்டு எழுத ஆள் வேண்டும் என்றால் நான் எழுதுகிறேன். என் கையெழுத்து உன் கையெழுத்தைவிட நன்றாகத்தான் இருக்கும்.

உன் அண்ணி,
வள்ளிநாயகி


திருத்தணி,
13-9-2024, வெள்ளி இரவு

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் தூங்கிக்கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்கே கடிதம் எழுதுகிறேன். வேறு எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை. பகலில் நீங்கள் பட்டறையில் இருக்கிறீர்கள், வீட்டில் இருந்தால் அவன் இருக்கிறான். இதை அரிசி டின்னுக்குள் வைக்கிறேன். காலையில் அரிசி எடுப்பது நீங்கள்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் என் இடத்தில் காரில் ஏறிப் போனதும் போர்வைக்குள் படுத்துக்கொண்டு நாற்பது நிமிஷம் எண்ணினேன். தெருவில் கார் சத்தம் கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். ஒன்றும் ஆகவில்லை, நீங்கள் வந்துவிட்டீர்கள், இனி பஸ் ஏறிப் போய்விடுவீர்கள், நான் பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவேன் என்று நினைத்தேன். கஜபதி லட்டு கொண்டுவந்தார். நாலாவது கியரில் ஸ்லிப் பூஜ்யம் என்று அண்ணன் தெருவுக்கே சொன்னான். அப்புறம்தான் உங்கள் பெரிய பையைப் பார்த்தேன். இரண்டு நாளைக்கு வந்தவர்கள் கொண்டுவரும் பை இல்லை அது.

இங்கேயே இருப்பதாக அவனிடம் ஒப்புக்கொண்டா வந்தீர்கள்? என்னை விடுவதற்கு அவன் அதைத்தான் கேட்டானா?

நீங்கள் முன்பெல்லாம் சாம்பாரில் உப்பு அதிகம் என்று அவன் சொன்னால்கூட அரைமணி நேரம் வாதாடுவீர்கள். எனக்கு அது சில நேரம் எரிச்சலாக இருக்கும். இப்போது அவன் என்ன சொன்னாலும் "ஆங்" என்கிறீர்கள். பிள்ளையார் சதுர்த்தி அன்று கொழுக்கட்டை வேகவில்லை என்று தட்டைத் தள்ளினான். "ஆங்" என்று எடுத்துக்கொண்டு போனீர்கள். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "என் மருமவ திருந்தி வந்துட்டா" என்று பக்கத்து வீட்டு கமலா அக்காவிடம் சொல்கிறாள். அதைக் கேட்டால் நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

நேற்று சாயங்காலம் சாப்பாடு கொடுக்க பட்டறைக்கு வந்தேன். நீங்கள் பெட்டியின் எண்ணெயை வடித்துக்கொண்டிருந்தீர்கள். அடியில் இருக்கும் காந்தத்தை எடுத்துத் துணியில் துடைத்தீர்கள். அதில் இரும்புத் தூள் ஒட்டியிருக்கும் என்று எனக்கும் தெரியும். ஆனால் அதில் இருந்தது தூள் இல்லை. ஒரு சில்லு. நெல்மணி அளவு இருக்கும், ஒரு பக்கம் பளபளப்பாக, ஒரு பக்கம் சொரசொரப்பாக. நீங்கள் அதை உள்ளங்கையில் வைத்து அவனிடம் நீட்டினீர்கள்.

"கியர் பல்லுலேர்ந்து வந்துக்குது" என்றீர்கள்.

"புது எண்ணெ ஊத்து, சரியாப் போயிடும். ஞாயித்துக்கிழம அஞ்சாவது கியரு பாத்துட்டு டெலிவரி."

நீங்கள் அப்போதாவது கத்துவீர்கள் என்று நான் சாப்பாட்டுத் தூக்கோடு நின்றுகொண்டிருந்தேன். நீங்கள் "ஆங்" என்றீர்கள். அந்தச் சில்லைத் துணியில் மடித்தீர்கள். புது எண்ணெய் டின்னைத் திறந்தீர்கள்.

அண்ணி, போய்விடுங்கள். நாளை சனிக்கிழமை, அவன் சாமான் வாங்க மெட்ராஸுக்கு ரயிலில் போகிறான், மாலைதான் வருவான். அதற்குள் பையை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். என்னைப் பற்றி யோசிக்காதீர்கள். நானும் ஏறமாட்டேன். தெருவில் உட்கார்ந்து கத்துவேன், ஹெட்மிஸ்ட்ரஸிடம் போவேன், பை போனால் போகட்டும். உண்மையாகச் சொல்கிறேன். இப்போது எனக்கு அந்த அளவுக்குப் பயம் இல்லை. அங்கே போய் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், திட்டியாவது எழுதுங்கள்.

உங்கள்,
சுதா


14-9-2024

சுதா,

அரிசிக்குள் இருந்ததை எடுத்துவிட்டேன். இனி எழுதாதே. ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எதற்கு என்று அவர் கேட்பார்.

நீ கத்துவாய் என்று எனக்குத் தெரியும். நானும் கத்தியவள்தான். கத்திய பிறகும் கார் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

உன் ரெக்கார்டு நோட்டுக்கு அட்டை போட்டு வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை தேர்வுக்கு இரண்டாம் பாடம் மறுபடி ஒரு முறை பார். நாளை ஐந்தாவது கியர். விடிவதற்குள் நானும் அவரும் கிளம்பிவிடுவோம், நீ எழுந்து வர வேண்டாம்.

அண்ணி